சீமை, சர்க்கார், பைத்தியம்: ஒரு முள்மரத்தின் பெயர்கள் சொல்லும் வரலாறு

ஆந்திரம், தமிழ்நாடு, கருநாடகம் ஆகிய மூன்று மாநில எல்லைகளும் நெருங்கிவரும் மூலையில் உள்ளது சித்தூர் மாவட்டத்து ராமகுப்பம். புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா என்னும் முள்மரத்திற்கு இம்மூன்று மாநிலங்களின் மொழிகளும் மூன்று வெவ்வேறு பெயர்களை வைத்துள்ளன. தமிழில் சீமைக்கருவேலம், தெலுங்கில் சர்க்கார் தும்ம, அதாவது அரசாங்கக் கருவேலம், கன்னடத்தில் பள்ளாரி ஜாலி. அயலிலிருந்து வந்தது என்கிறது தமிழ். யார் நட்டார் என்கிறது தெலுங்கு. எந்த வழியாக வந்தது என்கிறது கன்னடம். பெல்லாரி அன்று சென்னை மாகாணத்து மாவட்டம் என்பதை நினைவிற் கொள்க. (‘சிவகங்கைச் சீமை’யில் நாட்டைக் குறிக்கும் சொல், ‘சீமைச்சுண்ணாம்பு’ போன்றவற்றில் அயல்நாட்டைக் குறிக்கத் தொடங்கியது. ராமகுப்பம் அமைந்துள்ள இராயலசீமையிலோ அச்சொல் இன்றும் சொந்த மண்தான்.)

காமராசர் காலத்தில்தான் இம்மரம் வந்தது என்று தமிழ்நாட்டில் பலரும் நம்புகின்றனர். ஆவணங்கள் அதை ஏற்கவில்லை. சென்னை மாகாண வனத்துறை அதிகாரியும் தாவரவியலாளருமான பெட்டோம், 1876இல் வருவாய்த்துறைச் செயலரிடம் இதன் விதைகளைக் கேட்டார். ஜமைக்காவின் கிங்ஸ்டனிலிருந்து வந்த விதைகள் 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டன. மாகாணம் தாது வருடப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த ஆண்டு அது. இரயில் எஞ்சின்களின் விறகுத் தேவையும் காடுகளைத் தின்றுகொண்டிருந்தது. வறட்சியைத் தாங்கி விரைந்து வளரும் மரம் வேண்டும் என்ற கேள்விக்கு இது சரியான விடைதான். கேள்விதான் குறுகலானது.

அமைப்புச் சிந்தனை இங்கேதான் பயன்படுகிறது. அது மரத்தைத் தனிப்பொருளாகக் காணாமல், அதைச் சுற்றியுள்ள பின்னூட்டச் சுழல்களைத் தேடுகிறது. இம்மரத்தின் இலையை ஆடுமாடுகள் பெரும்பாலும் ஒதுக்கும்; இனிப்பான காயை விரும்பித் தின்னும். கடினமான விதைகள் செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியேறி, எருவோடேயே முளைக்கும். மேய்ச்சல் நிலத்தில் முள் பெருகினால் புல் குறையும்; புல் குறைந்தால் கால்நடை காயை மேலும் நாடும்; விதை மேலும் பரவும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். குடிமராமத்து தளர்ந்து தூர்ந்துபோன ஏரிகளும் கண்மாய்களும் இதற்கு ஆயத்தமான நாற்றங்கால்களாயின. ஏரி கெட்டதால் மரம் வந்ததா, மரம் வந்ததால் ஏரி கெட்டதா என்று கேட்பது வீண்; இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

பிற இடங்களிலும் இதே கதை. ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் இதை ‘அரச மரம்’ எனப் பாதுகாத்தது. கட்சில், உப்பு ரண் பரவாமல் தடுக்க 1961 அளவில் பன்னிப் புல்வெளியை ஒட்டிச் சுமார் 31,550 ஹெக்டேரில் நட்டனர். பின்னர் அது புல்வெளிக்குள்ளேயே புகுந்தது. குஜராத்தியில் இதன் பெயர் ‘காண்டோ பாவள்’, பைத்தியக் கருவேலம். நட்டவரின் பெயர் ஓரிடத்திலும், விளைவின் பெயர் மற்றோரிடத்திலும் நிலைத்திருக்கின்றன.

அகற்றுவதிலும் அதே குறுகிய கேள்வி மீண்டும் வருகிறது. 2017இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற ஆணையிட்டது. அதே ஆண்டில் அப்பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பகுதிகளில் மானாவாரி பொய்க்கும் ஆண்டுகளில் கரிமூட்டம்தான் பல குடும்பங்களுக்குச் சோறு. வெட்டிய இடத்தில் எது வளரும், அதை யார் காப்பார், ஆட்டை எங்கே ஓட்டுவது, விறகு எங்கிருந்து வரும் என்பவற்றை விட்டுவிட்டுப் பொக்லைனை இறக்கினால், கிடைப்பது அடுத்த மழைக்குக் காத்திருக்கும் திறந்த மண்தான். அயல் ஊடுருவல் தாவரங்கள் குறித்துத் தமிழ்நாடு அரசு 2022இல் வெளியிட்ட கொள்கை, தலைப்பிலேயே சூழல் மீட்பையும் சேர்த்துக்கொண்டது நல்ல மாற்றம். எனினும், மரக்கன்றுகளின் எண்ணிக்கையையே வெற்றியாகக் கணக்கிடும் பழக்கம் நம்மை இன்னும் விட்டபாடில்லை. 1877இன் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

எல்லையோர ஊர்களில் இம்மரத்திற்கு வேறு பெயர்கள் வழங்கினால், ஊர்ப்பெயரோடும் பேசுவோரின் தொழிலோடும் எழுதியனுப்புங்கள். ஆடு மேய்ப்பவரும் கரிமூட்டம் போடுபவரும் ஒரே பெயரைத்தான் சொல்கிறார்களா என்பதை அறிய விரும்புகிறேன்.