லினக்ஸை எழுதியவர் யார்?

மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைக்கப்படுவதே திறந்த மூல மென்பொருள். பலர் கூடி இழுக்கும் இத்தேரின் வடத்தை உண்மையில் பிடித்திருப்பவர் யார்?

1991-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸின் முதல் வடிவத்தை வெளியிட்டார். அதில் சுமார் 10,000 வரிகளே இருந்தன. பின்னர் உலகெங்கிலுமிருந்து திருத்தங்கள் குவிந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த 2005-இல் அவரே 'கிட்' என்னும் மென்பொருளைப் படைத்தார். ஒவ்வொரு திருத்தத்தையும், எழுதியவர் பெயரையும், நாளையும் அது பதிவு செய்கிறது.

இப்பதிவுகளை 2007-இல் ஜோனதன் கார்பெட் என்பவர் கணக்கிட்டார். லினக்ஸ், ஓய்வு நேரத் தன்னார்வலர்களின் படைப்பு என்றே பலர் எண்ணியிருந்தனர். ஆனால் 2.6.20 என்ற பதிப்பில் சேர்ந்த நிரலில் பாதிக்கு மேல், நிறுவனங்களில் பணிபுரிவோர் எழுதியது என அக்கணக்கு காட்டியது.

எனினும் வரிகளின் எண்ணிக்கையே உழைப்பின் மதிப்பாகிவிடாது. இணையச் செய்திகளை மறைகுறியாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளைப் பாருங்கள். செய்தியின் நீளத்தைச் சரிபார்க்கும் சில வரிகள் அதில் விடுபட்டன. 2012-இல் வெளியான இப்பிழை 2014-இல்தான் அறியப்பட்டது. அதுவரை கடவுச்சொற்களும் கசியக்கூடிய நிலை இருந்தது. உலகமே நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு அன்று முழுநேர ஊழியர் ஒருவரே! இதன் பின்னரே பெருநிறுவனங்கள் சேர்ந்து நிதி அளிக்க முன்வந்தன.

வரிகளை எண்ணுவது எளிது. அவற்றைத் தாங்கும் கைகளையும் எண்ண வேண்டும். ஊரே ஒற்றைத் தூணின்மேல் நிற்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.