பாரிஷ் மன்ற இணையத்தளங்கள் (இங்கிலாந்து)

பாரிஷ் மன்றம் என்பது இங்கிலாந்தின் உள்ளாட்சியில் அடிமட்டத்தில் உள்ள, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் அவை ஆகும். பல மன்றங்களில் பகுதிநேர எழுத்தர் ஒருவரே ஊழியர். இணையத்தளமும் அவர் பொறுப்பே.

2018 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுப் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கும் கட்டாயத்திலிருந்து மட்டுமே இம்மன்றங்களுக்கு விலக்களித்தது. ஏனைய கடமைகள் பொருந்தும். அதே ஆண்டின் அணுகுதன்மை விதிகளின்படி, பழைய தளங்களும் 2020 செப்டம்பர் 23 முதல் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தத் தக்கனவாக இருத்தல் வேண்டும்.

கூட்டக் குறிப்புகளில் இவ்விரு கடமைகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கையொப்பமிட்ட தாளை வருடிப் படமாக ஏற்றினால், பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைப் படிக்க இயலாது, கையொப்பமும் வெளியாகிவிடும். எழுத்துக்கோப்பாக ஏற்றினால், முறையிட்டவரின் பெயரைத் தேடுபொறி எளிதில் கண்டுபிடித்துவிடும். குறிப்பெழுதும்போதே "குடியிருப்பாளர் ஒருவர்" என எழுதுவதே எளிய வழி. பின்னர் கறுப்புப் பட்டையிட்டுப் பெயரை மறைப்பது போதாது. அதன் அடியிலுள்ள எழுத்து பலவேளைகளில் கோப்பில் அப்படியே இருக்கும், திரைவாசிப்பான் அதை உரக்கப் படித்தும்விடும்.