மர்மதேசம் (தொலைக்காட்சித் தொடர்)

மர்மதேசம் என்பது 1995 முதல் 2001 வரையான காலப்பகுதியில் சன் தொலைக்காட்சியிலும் பின்னர் ராஜ் தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பான தமிழ் மர்மத் தொடர் வரிசை ஆகும். கதைகளை எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதினார். வரிசைக்குப் பெயர் தேடித் தந்த கதைகளை இயக்கியவர் நாகா. இயக்குனர் கே. பாலச்சந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் இதனைத் தயாரித்தது. ரகசியம், விடாது கருப்பு, சொர்ண ரேகை, இயந்திரப் பறவை, எதுவும் நடக்கும் என்னும் ஐந்து தனிக்கதைகள் இவ்வரிசையில் அடங்கும்.

பின்னணி

வார இதழ்த் தொடர்கதையின் உத்தி இத்தொடரின் அடிப்படையாகும். ஒவ்வொரு வாரமும் ஒரு முடிச்சில் நிறுத்தி, அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்க வைப்பதில் இந்திரா சௌந்தர்ராஜன் தேர்ந்தவர். இதே ஆண்டுகளில் சப்பானில் நவோக்கி உரசாவாவின் மான்சுடர் என்னும் மர்மச் சித்திரக்கதை 1994 முதல் 2001 வரை இதழில் தொடராக வந்து, 2004-இல் தொலைக்காட்சிக்குச் சென்றது. தமிழில் சித்திரக்கதையின் இடத்தில் இருந்தது எழுத்துத் தொடர்கதை; இதழிலிருந்து திரைக்குச் செல்லும் பாதை ஒன்றே.

ரகசியம் என்னும் முதற்கதை நவபாடாண இலிங்கம் உள்ள கோயில் ஒன்றைச் சுற்றி அமைந்தது. ஒன்பது பாடாணங்களைக் கட்டி உருவாக்கப்பட்டதாகக் கருதப்படும் இத்தகைய திருமேனிக்குத் தமிழகத்தில் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு பழனி மலை முருகன் சிலையே. அதனைச் செய்தவர் போகர் என்பது மரபுவழி நம்பிக்கை. இந்நம்பிக்கையை அறிந்த பார்வையாளருக்குக் கதையின் களம் அந்நியமாகத் தோன்றவில்லை.

விடாது கருப்பு

(கதையின் முடிவு இப்பகுதியில் வெளிப்படுத்தப்பட்டுள்ளது.)

ஐந்தினுள் மிகுதியும் நினைவுகூரப்படுவது இதுவே. விட்டு விடு கருப்பா என்னும் புதினத்தைத் தழுவியது. சிற்றூர் ஒன்றில் தவறு செய்வோர் கொடூரமாகத் தண்டிக்கப்படுகின்றனர். காவல் தெய்வமான கருப்புசாமியே தண்டிக்கிறார் என ஊர் நம்புகிறது. நள்ளிரவில் கேட்கும் குதிரைக் குளம்பொலி அந்நம்பிக்கையை உறுதி செய்கிறது. சிறுவனின் இளமைக்காலமும் அவன் வளர்ந்த பின்னான காலமும் மாறிமாறிக் காட்டப்படுகின்றன. அன்றைய தொலைக்காட்சியில் இது அரிதான கட்டமைப்பு. வாரம் ஒருமுறை மட்டுமே பார்த்தவர்கள் இரண்டு காலங்களையும் குழப்பாமல் தொடர்ந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதியில், நாயகன் இராசேந்திரனுக்குள் கருப்பு என்னும் வேறோர் ஆளுமை உறைந்திருப்பது தெரிய வருகிறது. சிறுவயதில் கேட்டதும் கண்டதும் அவன் மனத்தைப் பிளந்துவிட்டன. தெய்வமா மனிதனா என்ற வினாவுக்கு உளவியல் விடை தரப்பட்டாலும், கதை நம்பிக்கையை முற்றாக மறுக்கவில்லை. இதனால் பகுத்தறிவு நோக்கில் பார்த்தோரும் பக்தி நோக்கில் பார்த்தோரும் தத்தம் விடையை எடுத்துக்கொள்ள இயன்றது.

கதையில் வரும் பன்முக ஆளுமைக் கோளாற்றுக்கு, அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 1994-இல் வேறு பெயரிட்டது. விலகல் அடையாளக் கோளாறு எனத் தமிழில் கூறலாம். இக்கோளாறு உடையோர் பிறரைக் கொல்பவராகக் காட்டப்படுவது புனைகதை மரபு. உண்மையில் இவர்களால் பிறருக்கு நேரும் தீங்கைவிட, தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ளும் அபாயமே மிகுதி. தொடரைப் பார்ப்போர் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

நடிகர்கள்

விடாது கருப்பில் வளர்ந்த இராசேந்திரனாகச் சேத்தன் நடித்தார். அச்சமும் கனிவும் ஒருங்கே தேவைப்பட்ட அப்பாத்திரமே அவரைப் பரவலாக அறியச் செய்தது. உடன் நடித்த தேவதர்சினி, பிற்காலத்தில் திரைப்படங்களில் நகைச்சுவை வேடங்களுக்காகப் பெயர் பெற்றார். இருவரும் பின்னர் திருமணம் செய்துகொண்டனர். சிறுவன் வேடத்தில் லோகேஷ் நடித்தார்.

பின்னர்

நாகாவும் இந்திரா சௌந்தர்ராஜனும் சிதம்பர ரகசியம் தொடரில் மீண்டும் இணைந்தனர். நாகா 2010-இல் ஆனந்தபுரத்து வீடு திரைப்படத்தையும், 2024 அக்டோபரில் சீ5 தளத்தில் வெளியான ஐந்தாம் வேதம் இணையத் தொடரையும் இயக்கினார். பாலச்சந்தர் 2014 திசம்பர் 23 அன்றும், இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10 அன்றும் காலமாயினர். மர்மதேசம் கதைகள் பின்னர் யூடியூபில் வெளியிடப்பட்டன. ஒளிபரப்பான காலத்தில் பிறந்திராத பார்வையாளரும் அதன்வழி இவற்றைக் கண்டுள்ளனர்.