தோம்பும் கதியாலும்

யாழ்ப்பாணத்தில் காணிக்குப் பெயர் உண்டு. வீட்டுக்கு இலக்கம் வருவதற்கு எவ்வளவோ முன்பே நிலத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். பழைய காணி உறுதி ஒன்றை விரித்துப் பாருங்கள். மாவட்டம், கோயிற்பற்று, ஊர் என்று இறங்கிவந்து காணியின் பெயரில் நிற்கும்: ஏதோவொரு கலட்டி, புலம், அடைப்பு, சீமா. பிறகு இத்தனை பரப்பு, இத்தனை குழி. நாலு பக்கமும் எல்லைக்காரர் யார் யார். முடிவில் கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை.

என் தொழில் கணினி வலையமைப்பு. கொள்கலன் என்று சொல்லப்படும் சிறு சிறு மென்பொருள் அலகுகள் ஒரே சேர்வரில் நூற்றுக்கணக்கில் தோன்றி மறையும். ஒவ்வொன்றுக்கும் ஐபி முகவரி வேண்டும். பெரிய முகவரித் தொகுதியைத் துண்டாக்கி, எது எவருக்கு என்று ஏட்டில் வைப்பது என் பொறுப்பு. இதே பங்கீட்டை எங்கள் குடாநாடு நிலத்தில் எப்படிச் செய்தது என்று தேடப்போய்த்தான் தோம்பு என்ற பழைய காணிப் பதிவேடுகளில் சிக்கிக்கொண்டேன்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர், வரி வாங்குவதற்காக யாரிடம் எந்தக் காணி என்று எழுதத் தொடங்கினார்கள். அவர்களின் 1645ஆம் ஆண்டுப் பதிவுகளை வைத்துத்தான் பி. ஈ. பீரிஸ் யாழ்ப்பாண இராச்சியத்தின் நிர்வாகம் பற்றிய நூலை எழுதினார். 1658இல் வந்த ஒல்லாந்தர் அந்தத் தோம்பு முறையை விரிவாக்கினார்கள். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்ற பெரும்பிரிவு, அதற்குள் கோயிற்பற்று, அதற்குள் ஊர், ஊருக்குள் காணி. நோக்கம் வரிதான். ஆனாலும் ஒரு துண்டு இரண்டு பேருக்குப் போகாமல் காத்தது அந்த ஏடு.

அளவையிலும் எங்களவர் நுட்பமானவர்கள். பரப்பு என்பது விதைப்பைக் கொண்டு கணக்கிட்ட அளவு. வரகுக் காணியென்றால் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். நெற்காணியென்றால் 12 குழிதான் ஒரு பரப்பு, ஏக்கருக்கு 24. எந்தப் பரப்பு என்று எழுதாத உறுதியை நம்பிக் காணி வாங்கக் கூடாது.

காணி கைமாறுவதற்கும் விதி இருந்தது. 1706இல் ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கேட்டதன்பேரில் கிளாஸ் ஐசாக்ஸ், யாழ்ப்பாணத்தாரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். 12 முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி சொன்னார்கள். 1806இல் ஆங்கிலேயர் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். காணி விற்க நினைப்பவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து தேவாலயத்தில் அதை அறிவிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்குத் தெரியாமல் கை மாற்றக் கூடாது. இதைவிடச் சிறந்த பங்கீட்டு விதியை நான் எந்தத் தொழில்நுட்பக் கையேட்டிலும் படித்ததில்லை.

இணையமும் ஏட்டில்தான் தொடங்கியது. இணைய எண்களின் பதிவை நீண்டகாலம் தன் கையில் வைத்துக் காத்தவர் ஜோன் பொஸ்ரல். அந்த நாளில் அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. என்ற ஒரே பல்கலைக்கழகத்துக்கு ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட முகவரிகள் போயின. 1993இல் சிறு துண்டாகப் பிரிக்கும் முறை வந்தது. 1994இல் உள்வீட்டுப் பாவனைக்கென்று மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. 2011 ஏப்ரலில் எங்கள் ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது.

கொள்கலன்களை இயக்கவென்று 2013இல் வெளிவந்த டொக்கர் என்ற மென்பொருள், எவரையும் கேட்காமல் 172.17.0.0/16 என்ற தொகுதியை, அதாவது 65,536 முகவரிகளை, தன் வளவாக எடுத்துக்கொள்ளும். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் அதே எண்களில் ஏற்கனவே கணக்குப் பிரிவின் கணினிகள் இருந்தன. சேர்வரிலிருந்து அவற்றுக்கு அனுப்பியதெல்லாம் வெளியே போகாமல் சேர்வருக்குள்ளேயே நின்றுவிட்டது. எந்தத் தொகுதி யாருக்கு என்று எழுதிய ஒரு தாள்கூட அங்கே இல்லை. பல சேர்வர்களில் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் நிலைமை நல்லது. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு சேர்வருக்கும் 256 முகவரிகள் கொண்ட துண்டை முன்கூட்டியே ஒதுக்கி, அதைப் பதிந்தும் வைக்கும்.

ஏட்டின் பெறுமதி எவ்வளவு பெரியது என்பதை வலிகாமம் வடக்கில் கண்ணால் கண்டேன். 1990இல் போரால் எழும்பிப் போன சனம், பல ஆண்டுகள் கழித்து விடுவிக்கப்பட்ட பகுதிகளுக்குள் போனபோது அங்கே வேலி இல்லை, வேலிக்கு நட்ட ஒரு கதியால்கூட இல்லை, ஒழுங்கை எது வளவு எது என்று தெரியவில்லை. மாமா உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றைத் தேடினார். பற்றைக்குள் கிணற்றுக்கட்டு அகப்பட்டது. “இதில எங்களுக்கு நாலில ஒரு பங்கு, தம்பி. காணி இதுக்கு மேற்கால” என்று அங்கிருந்து காலடி வைத்து அளந்தார். எல்லைக்காரரின் பெயர்கள் தாளில் இருந்தபடியால் பக்கத்துக் காணிக்காரரோடு ஒரு சொல்லும் மிஞ்சவில்லை. பிறகு சேவையர் வந்து அளந்தபோதும் கணக்கு ஒத்துவந்தது.

இன்று அந்தக் காணிகளில் பல, பிரிக்காத பங்குகளாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உள்ளவர்களிடம் சிதறிக் கிடக்கின்றன. எல்லையைக் காட்டிச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே சேவையரைக் கூப்பிட்டு அளந்து, பங்கைப் பிரித்து, நொத்தாரிசிடம் உறுதி எழுதிப் பதிந்துவிடுங்கள்.