மூன்று கோடுகள்: தரக் கட்டுப்பாட்டு வரைபடத்தின் வரலாறு

புள்ளியியல் வழியிலான தரக் கட்டுப்பாடு தொலைபேசித் தொழிலில் பிறந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்புக்கு வேண்டிய கருவிகளைச் செய்துகொடுத்தது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம். சிகாகோவை அடுத்த அதன் ஹாத்தார்ன் ஆலையில், செய்து முடித்த பொருள்களைச் சோதித்துப் பழுதானவற்றை ஒதுக்குவதற்கென்றே ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தனர். பழுதைப் பொறுக்கி எடுக்க முடிந்தது. அது வராமல் தடுக்க வழியில்லை.

அந்த நிறுவனத்தின் சோதனைப் பொறியியல் துறையில் இருந்த இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட், 1924 மே 16 அன்று தம் மேலதிகாரி ஜார்ஜ் எட்வர்ட்ஸுக்கு ஒரு பக்க அளவில் குறிப்பொன்று அனுப்பினார். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரு படம். முதல் கட்டுப்பாட்டு வரைபடம் அதுவே.

லேத்தில் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு கடையப்படுவதாகக் கொள்வோம். ஒரு தண்டு 25.02 என்று வந்ததும் தொழிலாளி டூலைச் சற்று உள்ளே தள்ளுகிறார். அடுத்தது 24.97 வந்தால் பின்னுக்கு இழுக்கிறார். அக்கறையோடு செய்யும் இந்தத் திருத்தமே கேடாகிறது. எந்திரம் தன் இயல்பில் சற்று முன்பின்னாகத்தான் வெட்டும். ஒவ்வொரு தண்டுக்கும் திருகினால் அந்த அலைவு இன்னும் கூடும். டூல் தேய்ந்துபோனதாலோ இரும்பு மாறியதாலோ வரும் விலகல் வேறு வகை. அதற்குக் காரணம் உண்டு, தேடினால் அகப்படும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே ஷூஹார்ட்டின் சாதனை.

முறை எளிது. மணிக்கொரு தரம் ஐந்து தண்டுகளை அளந்து, சராசரியைத் தாளில் புள்ளியாக வைக்க வேண்டும். நடுவில் மொத்தச் சராசரிக்கு ஒரு கோடு. அதற்கு மேலும் கீழும், அச்சராசரிகளின் திட்ட விலக்கத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி இரண்டு எல்லைக் கோடுகள். புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் எந்திரத்தைத் தொடக்கூடாது. வெளியே ஒன்று விழுந்தால் உடனே காரணம் தேட வேண்டும். இயல்நிலைப் பரவலில் தற்செயலாகவே ஒரு புள்ளி எல்லை தாண்டுவது 10,000க்கு 27 முறைதான். ஆகவே வீண் தேடல் குறையும். உண்மையான கோளாறும் நெடுநேரம் மறைந்திருக்காது. பரவல் வேறு வடிவில் இருந்தாலும் எல்லைகள் நிற்குமா என்று பார்க்க, எண்கள் எழுதிய சில்லுகளைக் கிண்ணங்களில் இட்டு, நான்கு நான்காக ஆயிரம் முறை எடுத்து ஷூஹார்ட் கணக்கிட்டார். அந்தக் கணக்குகள் 1931இல் வெளியான அவரது நூலில் உள்ளன.

இதே காலத்தில் அவருடைய சகாக்கள் ஹரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும், ஒரு லாட்டிலிருந்து எத்தனை உருப்படிகளைச் சோதித்தால் போதும் என்பதற்கு அட்டவணைகள் வகுத்தனர். பிரிட்டன் 1935இல் தன் தர நிர்ணயத்தில் புள்ளியியலைச் சேர்த்தது. அமெரிக்க ஆலைகளில் இம்முறை பரவக் காரணம் இரண்டாம் உலகப்போர். 1941, 1942 ஆண்டுகளில் போர்க்காலத் தர நிர்ணயங்கள் வந்தன, பயிற்சி வகுப்புகள் நடந்தன. போர் முடிந்ததும் எதைச் செய்தாலும் விற்ற காலம் வர, பல ஆலைகளில் ஆர்வம் தணிந்தது.

ஜப்பானில் நேர்மாறாக நடந்தது. அந்நாட்டு அறிவியலாளர், பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் 1950இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் அங்கு விரிவுரையாற்றினார். பொறியாளர்களுக்கு மட்டுமன்றி நிறுவனத் தலைவர்களுக்கும் தனியே பேசியதுதான் பலன் தந்தது. விரிவுரைத் தொகுப்பின் உரிமைத்தொகையை அவர் வாங்க மறுத்தார். அதைக் கொண்டே 1951இல் தரத்துக்கான டெமிங் பரிசு தொடங்கியது.

இந்தியாவுக்கு இந்த அறிவு இன்னும் முன்பே வந்துவிட்டது. இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகாலனோபிஸின் அழைப்பில் 1947-48இல் ஷூஹார்ட்டே வந்தார். 1950களில் அக்கழகம் பம்பாய், பெங்களூர், கல்கத்தா நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. நூற்பாலைகளுக்கு இம்முறை நன்கு பொருந்தியது. 120 கெஜம் நூலை எடைபோட்டு அதன் நுண்மையைக் குறிக்கும் கவுண்ட் பார்ப்பது அங்கே ஏற்கெனவே அன்றாட வேலை. அந்த எண்களை வரைபடத்தில் ஏற்றுவதுதான் புதிது. ஆனால் மற்றத் தொழில்களில், போட்டியில்லாத சந்தையில், வரைபடம் பெரும்பாலும் ஆய்வாளரின் கோப்போடு நின்றது.

பொருளாதாரம் தாராளமயமாகிப் போட்டி வந்த 1991க்குப் பிறகு நிலை மாறியது. ஜப்பானியப் பேராசிரியர்களின் வழிகாட்டலோடு உழைத்த சென்னை பாடியின் சுந்தரம்-கிளேட்டன் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் 2003இல் ரானே பிரேக் லைனிங்ஸும் அதைப் பெற்றன.