விளிம்பில் ஒரு பெயர்

பழனியில் பழைய வீட்டைக் காலி செய்தால் பித்தளை, வெண்கலமெல்லாம் எடைக்குப் போய்விடும். அதில் பதக்கம் ஏதாவது தென்பட்டால் கொஞ்சம் நில்லுங்க, நண்பர்களே!

1851-இல் லண்டன் ஹைட் பூங்காவில் உலகத் தொழிற்கண்காட்சி நடந்தது. சுமார் அறுபது லட்சம் பேர் பார்த்தார்கள். வென்றவர்களுக்குத் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. எல்லாமே வெண்கலப் பதக்கம்தான். நான்கே ஆண்டில், 1855-இல், சென்னையிலும் தென்னிந்திய விளைபொருள், கலை, கைத்தொழில் கண்காட்சி கூடியது. இங்கேயும் நடுவர்கள் தரம் பார்த்துப் பதக்கம் கொடுத்தார்கள்.

சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது விளிம்பை. லண்டன் பரிசுப் பதக்கத்தில் பெற்றவர் பெயர் அங்கேதான் பொறித்திருக்கும். நாம் படித்த பட்டறைப் பாடமும் இதற்கு உதவும். அச்சில் அடித்ததென்றால் எழுத்து கூர்மையாக நிற்கும். வார்த்த நகலென்றால் எழுத்து மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசிமுனைத் துளைகள், விளிம்பில் அரம் போட்ட தடம் தெரியும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும்; பழம் நிறம் போய்விடும், எழுத்தும் தேயும். உருக்கிவிட்டாலோ, ஒரு கைவினைஞர் அன்று பெற்ற பெயரும் அதோடு கரைந்துவிடும். பரணை ஒருமுறை பாருங்களேன்!