மெனோக்கியோ படித்த நூல்கள்: கின்ஸ்பர்க் கூற்றுக்கு ஒரு மறுப்பு

கார்லோ கின்ஸ்பர்க் 1976இல் ‘பாலாடைக்கட்டியும் புழுக்களும்’ நூலை வெளியிட்ட பிறகு, மெனோக்கியோவை அவர் கண்வழியே அன்றிப் பார்ப்பது எவருக்கும் எளிதாக இல்லை. வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதியில் மொந்தெரேயாலே ஊரில் 1532இல் பிறந்த தொமேனிகோ ஸ்கந்தெல்லாவுக்கு ஊரார் வைத்த பெயர் அது. மாவு ஆலைக்காரர், ஊர்த்தலைவராகவும் இருந்தவர், பங்குக் கோயிலின் வரவுசெலவையும் பார்த்தவர். 1583இல் அவர்மீது சமய விசாரணை மன்றத்துக்குப் புகார் போயிற்று. 1584இல் முதல் விசாரணை, 1599இல் இரண்டாவது. இவை அறிந்த செய்திகள். அவர் படித்தவையாக ஆவணங்கள்வழித் தெரியும் 11 நூல்களைக் கொண்டு கின்ஸ்பர்க் எட்டிய முடிவைப் பற்றியே இக்கட்டுரை.

அம்முடிவு இது: அச்சுப் பக்கத்தில் இருப்பதும் மெனோக்கியோ சொல்வதும் ஒன்றாக இல்லை. படித்ததை அவர் திரித்தார், வெட்டினார், சில சொற்களை மட்டும் பெரிதாக்கினார். நூல்களால் விளங்காத இந்த வேறுபாட்டுக்குக் காரணம், நூற்றாண்டுகளாக வாய்வழி வந்த உழவர் பண்பாடு. அதுவே ஒரு சல்லடையாக நின்று வாசிப்பை மாற்றியது. நூற்பகுதியையும் வாக்குமூலத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்ட அவர் முறைக்கு ஈடு இன்றும் குறைவு. ஆனால் வேறுபாட்டைக் காட்டுவது வேறு, அதன் காரணத்தை நிறுவுவது வேறு. முதலாவதைச் செய்ததாலேயே இரண்டாவதும் முடிந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்கிறார்.

கின்ஸ்பர்க் பெரிதும் நம்பும் சான்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். வொராஜினே தொகுத்த புனிதர் வரலாற்றில், மரியாவின் உடலைத் திருத்தூதர்கள் சுமந்து செல்லும்போது தலைமைக் குரு பாடையைக் கவிழ்க்கப் பாய்கிறார். அவர் கைகள் பாடையில் ஒட்டிக்கொள்கின்றன. பேதுருவின் சொல்லை ஏற்று நம்பியதும் குணமடைகிறார். நூலைப் பொறுத்தவரை குணமடைதலே கதையின் உயிர். மெனோக்கியோ மன்றத்தில் சொன்னதோ முதற்பாதிக்குள் அடங்கிவிடுகிறது: மரியாவின் உடலுக்கு அவமதிப்பு நேர்ந்தது, அவ்வளவுதான். குணமடைந்த அற்புதம் அவருக்குப் பொருட்டில்லை. சல்லடை வேலை செய்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா என்பது கின்ஸ்பர்க்கின் தொனி.

எனக்கு இது அவ்வளவு தெளிவாகப் படவில்லை. விசாரணையில் நிற்பவர் கதை சொல்ல வந்தவர் அல்லர். தாம் முன்பே சொல்லிவிட்ட ஒன்றுக்கு ஆதாரம் தேடுபவர். ஆதாரம் தேடுபவருக்குக் கதையின் பாதி போதும். மறுபாதி அவருக்கே எதிராகத் திரும்பும் என்றால் அதை விட்டுவிடுவதற்கு எந்தத் தொல்பண்பாட்டின் துணையும் வேண்டியதில்லை. ஆகவே இந்த வெட்டு அவர் படித்தபோது நேர்ந்ததா, பதில் சொன்னபோது நேர்ந்ததா என்பதை வாக்குமூலம் மட்டும் கொண்டு சொல்ல முடியாது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. மெனோக்கியோ மன்றத்துக்கு வந்த பின்னர் வாதிடக் கற்றவர் அல்லர். கண்டவரிடமெல்லாம் சமயம் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார் என்று ஊர்ச் சாட்சிகளே கூறினர். மறுப்பை ஏற்கிறேன். ஆனால் அது கின்ஸ்பர்க்குக்கு உதவுவதைவிட எனக்கே மிகுதியாக உதவுகிறது. நாள்தோறும் வாதிட்டவர் வாதத்துக்காகவே படித்திருப்பார். வாசிப்பை மாற்றியது வாதாடும் பழக்கம் என்றால், அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். காணாத பழம்பண்பாட்டுக்கு அப்படிச் சாட்சிகள் இல்லை.

நூல்களின் இயல்பையும் கின்ஸ்பர்க் குறைத்தே மதிப்பிடுகிறார். மெனோக்கியோ வெனிஸில் இரண்டு சோல்திக்கு வாங்கிய ‘ஃபியொரெத்தோ தெல்லா பிப்லியா’ விவிலியப் பகுதிகளையும், திருமுறையில் சேராத குழந்தை இயேசு கதைகளையும், ஹொனோரியுஸின் இறையியல் வினாவிடையையும் கலந்த கதம்பம். அகுஸ்தீன் சபைத் துறவி ஃபொரெஸ்தி எழுதிய உலக வரலாற்றுக் குறிப்பேடும், திருச்சபைச் செய்திகளோடு பிறசமயத்தாரின் கருத்துகளையும் அடுக்கித் தருவது. மாறான கருத்துகள் இந்த மரபுவழி நூல்களுக்குள்ளேயே கிடந்தன. வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பெரும்பாலான நூல்கள் இரவல் வாங்கியவை. கொடுத்தோரில் குரு ஒருவரும் உண்டு, பெண் ஒருவரும் உண்டு. இரவல் நூலைத் திருப்பிக் கொடுத்த பின் நினைவிலிருந்து பேசுபவர் வரிபிசகாமல் சொல்வார் என்று எதிர்பார்ப்பதே தவறு.

ஒரு விஷயத்தில் கின்ஸ்பர்க்கை என்னால் அசைக்க முடியவில்லை. ஆதியில் எல்லாம் கலங்கிக் கிடந்த குழப்பமாக இருந்தது என்பதை ஃபியொரெத்தோவில் கண்டதாக மெனோக்கியோ சொன்னார். மற்றவை தம் தலையில் தோன்றியவை என்றார். பாலில் கட்டி திரள்வதுபோல உலகம் திரண்டது, அதில் புழுக்களாகத் தோன்றியவர்களே வானதூதர்கள் என்ற பகுதிக்கு 11 நூல்களில் மூலம் இல்லை. ஆய்வாளர் பவோலா சம்பெல்லி பதுவாப் பல்கலைக்கழகத்தின் அரிஸ்டாட்டிலியத் தத்துவத்தை நோக்கிக் கைகாட்டுகிறார். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து இந்த மாவு ஆலைக்கு வழி எது என்பதுதான் சிக்கல்.

காலக்கணக்கும் தீர்ந்தபாடில்லை. மெனோக்கியோவுக்கு விதிக்கப்பட்ட கொலைத்தண்டனை நிறைவேறிய நாள் 1599 இரண்டாம் விசாரணைக்குப் பின் என்பதற்கு மேல் உறுதியாக எழுதத் தயங்குகிறேன். 1601 ஜூலையில் ஒருவர் தந்த வாக்குமூலம் அவரை ஏற்கெனவே கொல்லப்பட்டவராகக் குறிக்கிறது. இதைவிடப் பெரிய இடர், எந்த நூலை எப்போது படித்தார் என்பது. பொக்காச்சியோவின் மூன்று மோதிரக் கதையை 1599இல்தான் மெனோக்கியோ மன்றத்தில் சொன்னார். அதை 1584க்கு முன்பே படித்துவிட்டு மறைத்திருக்கலாம். முதல் விசாரணையை அடுத்துச் சிறை சென்று மீண்ட பின் படித்திருக்கலாம். முதல் விசாரணையில் ஒரு நூலின் பெயர் எழவில்லை என்பதற்காக அதை அவர் அதுவரை படிக்கவில்லை என்று கொள்ள இயலாது. கருத்து முந்தியதா, நூல் முந்தியதா என்ற வரிசை தெரியாதவரை, சல்லடை முதலில் இருந்தது என்ற கின்ஸ்பர்க்கின் கூற்று ஒரு கருதுகோளே.